எச்சில் மைக்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கதை கட்ட எனக்கு வராது. என் வாயில் நடந்தது, அதனால் சொல்கிறேன்.

போன ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை. வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைப் பக்கம் ஒரு ரெஸ்டோரண்ட். சனம் சாப்பிட, முன்னால் பேண்ட் வாசிக்கும். கொட்டாஞ்சேனை மாதா கோயில் கொயரில் பாடிக்கொண்டிருந்த என்னை, முதலாளி அஷ்ரப் நானா ஒரு நாள் பாடச் சொல்லியிருந்தார். பிடித்தால் சனிக்கிழமைதோறும் நான்தான். ஏற்கெனவே மூன்று இடத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் பாட்டுக்கே முழுக்குப் போடுவது என்று இருந்தேன்.

நான் பெரிய அருவருப்புக்காரி. அடுத்தவர் வாய் வைத்த கோப்பையைத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவள், மைக்கின் மேல் மாட்டும் என் ஸ்பொஞ்சைக் கழுவிக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அங்கிருந்த மைக்கில் ஒரு பழைய கறுப்பு ஸ்பொஞ்ச். எத்தனை பேருடைய எச்சிலோ! டிஷுவால் நாலு தரம் துடைத்தேன். காய்ந்துதான் இருந்தது.

இரவு 8.10க்கு முதல் பாட்டு. வாயைத் தள்ளி வைத்தே பாடினேன். கொத்து ரொட்டி அடிக்கிற சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை.

"தங்கச்சி, மைக்க கிட்ட வெச்சிப் பாடுங்க. ஒன்டும் கேக்குதில்ல," என்றார் அஷ்ரப் நானா. முகத்தில் சிரிப்பில்லை.

"ஓம் நானா."

உதட்டை ஒட்டினேன். ஸ்பொஞ்ச் ஈரமாக இருந்தது.

இப்போதுதானே துடைத்தேன்... வெற்றிலை வாசம் வந்தது. அதற்கடியில் இன்னொரு நாற்றம். ஐஸ் இல்லாமல் இரண்டு நாள் கிடந்த மீன்.

8.32. நான் மூச்சு இழுத்தேன். மைக்கும் இழுத்தது.

ஸ்ஸ்ஸ்...

கீபோர்ட் வாசித்த அனுஜன் திரும்பினான். "அக்கா, கூடப் பாடுறது யார்?"

"ஒருத்தரும் இல்ல."

ஆனால் ஸ்பீக்கரில் கேட்டது. என் குரலோடு ஒரு ஆண் குரல். ஒவ்வொரு சொல்லும் என்னைவிடத் தெளிவாக...

8.47.

எதுவோ உதட்டைத் தொட்டது.

சூடு. வழவழப்பு.

மெதுவாக... நக்கியது.

வாயை எடுத்தால் வேலை போய்விடும். அஷ்ரப் நானா பார்த்துக்கொண்டே நின்றார்.

கடைசி வரியைப் பாடி முடித்தேன்.

அது என் பல் வரைக்கும் வந்தது.

கைதட்டல் அடங்குமுன் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். சவர்க்காரம் போட்டு வாயைக் கழுவினேன். துப்பியதெல்லாம் சிவப்பு. ரத்தமில்லை. வெற்றிலைச் சாறு. நான் வாழ்க்கையில் வெற்றிலை போட்டதே இல்லை. சீ!

திங்கள் காலை 10 மணிக்கு அஷ்ரப் நானா எனக்குப் போன் எடுத்தார்.

"இனி சனிக்கிழம நீங்கதான் தங்கச்சி. அந்த ஆம்புளக் குரல எப்பிடி எடுத்தீங்க? அப்பிடியே எங்கட புஷ்பராஜ்ட குரல்."

"அது யார் நானா?"

"பன்னெண்டு வருஷம் இங்க பாடினவர். நீங்க புடிச்சது அவர்ட மைக்."

"செத்திட்டாரா?"

"சேச்சே, ஆஸ்பத்திரில இருக்கார். வெத்தில போட்டுப் போட்டு கேன்சர். சனிக்கிழம காலைலதான் நாக்க முழுசா வெட்டி எடுத்தாங்க."

வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நான் பாடவில்லை.