பதினாறில் ஒன்று

போன கிழமை அந்தூரியத்துக்குத் தும்புத்தூள் வாங்குவதற்காகப் பேராதனையில் பூச்செடி விற்கும் இடமொன்றுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு கையளவு அள்ளித் தண்ணீரில் பிசைந்து, "பாருங்க மிஸ், எவ்வளவு நல்லா ஈரம் பிடிக்குது" என்று முகத்துக்கு நேரே நீட்டினார். நனைந்த தேங்காய்த் தும்பின் வாசமும் அதற்கடியில் லேசான புளிப்பும் மூக்கில் ஏறின. எதற்கு வந்தேன் என்பதே மறந்து அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்கு அது செடி வாசமாகத்தான் இருக்கும். எனக்குப் பாம்பு முட்டை ஞாபகம் வந்தது.

முகம் சுளிக்காதீர்கள், சொல்கிறேன்.

பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் ஒரு மீன் கடை இருந்தது. சாப்பிடுகிற மீன் இல்லை, தொட்டியில் வளர்க்கிற மீன். உயர்தரப் பரீட்சையில் உயிரியலை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் பல்கலைக்கழகத்தின் மதில் வரைக்கும் மட்டுமே போய்வந்த நான், மஹய்யாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே வேலைக்குப் போனேன். கடை நிஸார் நானாவுடையது. நடத்தியது என்னவோ அவர் மனைவி ஸாஹிராதான். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என் அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. "என்னடி, பொம்பளய போயி தாத்தாங்கற" என்று சிரிப்பார். தாத்தா வீட்டுப் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி', 'இருந்தா' என்பது 'ஈந்தா'.

கனடாவுக்குக் குடிபோன வாடிக்கையாளர் ஒருவர், கொண்டுபோக முடியாத இரண்டு பாம்புகளைக் கடையில் விட்டுவிட்டுப் போனார். கோர்ன் ஸ்னேக் என்கிற அமெரிக்கப் பாம்பு அது. விஷமில்லை. ஒன்றில் கறுப்பு நிறமே கிடையாது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பளபளவென்று இருக்கும். மற்றதில் சிவப்பு கிடையாது, சாம்பலும் கறுப்பும்தான். தாத்தாவின் மகள் ஹனாவுக்கு அப்போது நாலு வயது. மாம்பழம், சாம்பல் என்று அவள்தான் பெயர் வைத்தாள். இப்படிப்பட்ட பிராணிகளை அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. மாடி அறைக் கதவில் 'ஸ்டோர்' என்று எழுதி ஒட்டினோம். அந்தக் கடதாசியை ஒட்டியதும் சட்டப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

கறுப்பும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் வெள்ளையாக ஒரு பாம்பை உண்டாக்கலாம் என்று தாத்தா ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். அந்த ஆசை அவரைப் பிடித்தது. அவரிடமிருந்து என்னையும் பிடித்தது. மாம்பழத்தையும் சாம்பலையும் சேர்த்தோம். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஈரத் தும்புத்தூள் பரப்பி, முட்டைகளைப் புரட்டாமல் வைத்து, பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டு, இரண்டு மாதம் காவல் இருந்தோம். வந்த குட்டிகள் எல்லாம் சாதாரணச் செம்பழுப்பு. ஒன்றில்கூட வெள்ளையின் சாயல் இல்லை. தாத்தாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ அன்றுதான் மூன்று தடவை எழுதிய பரீட்சை பலன் தந்தது போலிருந்தது. "இல்லீங்க தாத்தா, ரெண்டு கலரும் உள்ளுக்குள்ள ஒளிஞ்சி இருக்கு. இதுங்க பெரிசாகட்டும், பாருங்க" என்றேன்.

பெரிதாக இரண்டு வருடங்களுக்கு மேல் பிடித்தது. அந்தக் காலமெல்லாம் இப்போது ஹனாவின் முகமாகத்தான் நினைவில் நிற்கிறது. மாதத்தில் ஒரு நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றுவார்கள். அதற்கு முந்தின வாரம் உதடெல்லாம் வெளுத்து, படியேறவும் சோம்பி, மீன்தொட்டி மேசைக்குக் கீழே படுத்துக் கிடப்பாள். ஏற்றிய மறுநாள் கன்னம் சிவந்து, மாம்பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கடை முழுக்க ஓடுவாள். "சின்னதிலருந்தே ரத்தம் குறைவு" என்று தாத்தா ஒரு தடவை சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. உயிரியல் படித்தவள், கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் டிசம்பர் குளிர் விட்டதும் அந்தச் சாதாரணக் குட்டிகளில் ஓர் ஆணையும் பெண்ணையும் சேர்த்தோம். பதினேழு முட்டைகள். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மீன் தீனி வந்த மட்டையொன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் கட்டம் போட்டு, தாத்தாவை உட்காரவைத்துப் பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

"இங்க பாருங்க. முதல்ல ஒரு கலரை மட்டும் எடுத்துக்குவோம். பார்வைக்கு அம்மாவும் சாதாரணம், அப்பாவும் சாதாரணம். ஆனா ரெண்டுக்குள்ளயும் அந்தக் குறை ஒளிஞ்சி இருக்கு. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் குட்டியில தெரியும். நாலுல ஒண்ணு. நமக்கு ரெண்டு குறையும் ஒரே குட்டியில வேணும், அதனால பதினாறுல ஒண்ணு."

தாத்தா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பக்கத்தில மட்டும் ஈந்தா வராதா?"

"வரவே வராதுங்க."

"ரெண்டு பக்கத்திலயும் ஈக்கணும்."

"ஆமா."

"ஒண்ணு அப்பிடி வந்திட்டா, அடுத்தது தப்பிரும்தானே?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்படிக் கணக்கு இல்லீங்க தாத்தா. ஒவ்வொரு முட்டைக்கும் திரும்பவும் மொதல்ல இருந்துதான். அதிர்ஷ்டம் இருந்தா வரிசையா வந்துகிட்டே இருக்கும்!"

அவர் மட்டையை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பாடம் அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை நான் போனபோது அவர் கண்கள் வீங்கியிருந்தன. "அந்த முட்டையெல்லாத்தையும் வீசிரு புள்ள" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். ஹனாவுக்கு இருந்தது தலசீமியா. நிஸார் நானா அவருக்கு மாமா மகன். நோயைப் பற்றி டாக்டர் ஆரம்பத்திலேயே விளக்கத்தான் செய்திருக்கிறார். குழந்தைக்கு ஊசி குத்துகிற அழுகையில் அதெல்லாம் காதில் ஏறவில்லை. மாமியார் மட்டும் ஏழு வருடமாக ஒரே பேச்சு. "எங்கட மகனுக்கு ஒரு குறையும் இல்ல, வந்த எடத்துச் சீக்குதான் இது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராம். தாத்தாவும் அதை நம்பியிருந்தார். முந்தின நாள் மட்டையை விரித்து நிஸார் நானாவின் முன்னால் வைத்திருக்கிறார். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கிட்டயும் ஈக்கி" என்று மட்டும் சொன்னாராம்.

"அந்தச் சொல்லக் கேக்க எனக்கு ஏழு வருஷம்" என்றார் தாத்தா. பிறகு வயிற்றில் கை வைத்தார். "மூணு மாசம். மாமிக்கும் இன்னும் சொல்லல்ல. நாலில ஒண்ணெண்டு நீ சொன்ன நேரம் எனக்கு உசிரே இல்ல."

அதிர்ஷ்டம் என்று நான் சொன்னது அப்போதுதான் என் தலையில் இறங்கியது.  தாத்தாவோ என்மேல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் இத்தனை வருடம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

அவ்வளவுக்குப் பிறகும் நான் செய்ததைக் கேளுங்கள். முட்டைகளை நான் வீசவில்லை. மூன்று வருட ஆசை கையை விடவில்லை. பெட்டியோடு மஹய்யாவைக்குக் கொண்டுபோய், மீன் மருந்து என்று அம்மாவிடம் பொய் சொல்லி, என் கட்டிலுக்குக் கீழே பல்பு போட்டு வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதின்மூன்று பொரித்தன. அதில் ஒன்று வெள்ளை. பால் வெள்ளை இல்லை, உள்ளிருக்கும் ரத்தம் தெரிகிற மாதிரி ரோசா கலந்த வெள்ளை. கண் சிவப்பு. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

தாத்தாவிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் காட்டினேன். ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். தாத்தா ஏறிட்டுப் பார்த்தார், திட்டவில்லை. ஆஸ்பத்திரி நாள் நெருங்கியிருந்ததால் ஹனா வெளுத்துப்போய்க் கதிரையில் சாய்ந்திருந்தாள். டப்பாவை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ரத்தம் இல்லையா?" என்று கேட்டாள்.

தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான், "இதுக்கு ரத்தமெல்லாம் இருக்கும்மா, கலர்தான் இல்ல" என்றேன்.

"அப்ப ஊசி போடத் தேவல்ல" என்றாள். அதற்காக அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

அந்தக் குட்டி எதையும் தின்னவில்லை. பிறந்த எலிக்குஞ்சைக் கழுவிக் கொடுத்தேன், வெட்டிக் கொடுத்தேன், இருட்டில் வைத்துக் கொடுத்தேன். நூலாக மெலிந்து மூன்றாம் வாரம் செத்துப்போனது. "வெள்ளை திண்டா?" என்று ஹனா தினமும் கேட்பாள். "திங்குது, நல்லா வளருது" என்றேன். ஒரு தடவை சொன்னதை மாற்றத் தைரியம் வரவில்லை.

ஹனாவுக்குத் தம்பி பிறந்தான். அவனுக்கும் அது உள்ளே ஒளிந்திருந்தது, அவ்வளவுதான், நோயில்லை. ரிப்போட் வந்த அன்று நிஸார் நானா கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவனுடைய எலும்பு மச்சை ஹனாவுக்குப் பொருந்துகிறது என்றும் பிறகு தெரிந்தது. அந்தச் சிகிச்சைக்காக இந்தியாவுக்குப் போக முடிவு செய்தார்கள். கடை கைமாறியது. மாம்பழம், சாம்பல், அதுகளின் பிள்ளைகள் எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தலையணை உறைகளில் கட்டி எடுத்துப் போனார்.

அங்கிருந்து தாத்தா அவ்வப்போது வாட்ஸ்அப்பில் பேசுவார். கடைசியாக வந்த குரல் பதிவில் ஹனாதான் பேசினாள். களைத்த குரல். "எனக்கு முடியெல்லாம் கொட்டிட்டு. நான் இப்ப வெள்ள மாதிரி. வந்த பொறகு அதைய எனக்குத் தாங்க." நான் பதிலுக்கு, "ஒங்களுக்குத்தான் வச்சிருக்கேன், கெதியா வாங்க" என்று அனுப்பினேன். அதைக் கேட்டார்களா என்று தெரியாது. பிறகு கூப்பிட்டபோது, அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

அவர்கள் புத்தளத்தில் சொந்தக்காரரோடு இருப்பதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர், அந்தச் சின்னப்புள்ள பாவம் என்று தொடங்கினார். பஸ் வந்துவிட்டதென்று சொல்லி நான் நகர்ந்துவிட்டேன். பஸ் வரவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். மாடி ஜன்னலை ஒரு பெரிய விளம்பரப் பலகை மறைத்திருக்கிறது. நிஸார் நானாவின் பழைய அயலவர் ஒருவர் இன்னும் எதிர்ப்பக்கத்தில் சைக்கிள் திருத்துகிறார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். வாரத்தில் இரண்டு தடவை அந்த வழியாகப் போகிறேன். இருந்தால் ஹனாவுக்கு இப்போது பதினாறு வயது. பஸ் அங்கே நிற்கிற நேரம் கைப்பையைத் திறந்து எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். இன்றுவரை இறங்கிக் கேட்கவில்லை.