எல்லைக்கு வெளியே கிடந்தது அப்பாவின் வலை அல்ல

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது. நான் அவருடைய மகள். பாபநாசத்தில் மீன் கடை வைத்திருக்கிறேன். அழகாக எழுத எனக்கு வராது. இந்தப் பக்கங்களில் வர வேண்டியிருந்தது சித்தப்பா எழுதிக் கொடுத்த கட்டுரை. அதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடச் சொன்னது நான்தான். ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும். பாதியில் மூடிவைக்க நினைப்பவர்கள் இப்போதே மூடிவிடலாம்.

அப்பா பிறந்தது, வளர்ந்தது, எரிந்தது எல்லாம் அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில்தான். தாத்தா மஞ்சள்காமாலையில் இறந்தபோது அப்பாவுக்குப் பதினான்கு வயது, சித்தப்பாவுக்கு ஆறு. மறுவாரமே அப்பா அடுத்தவர் படகில் ஏறிவிட்டார். தம்பியைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். தம்பிக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார். சொந்தப் படகு வாங்கியபோது அதில் தம்பியையும் ஏற்றிக்கொண்டார். தனிக்குடித்தனம் போனபோது தம்பிக்கு ஒரு படகும் புது நண்டு வலையும் எடுத்துக் கொடுத்தார். இதையெல்லாம் சித்தப்பாவும் தன் கட்டுரையில் எழுதியிருந்தார். அதுவரைக்கும் சரியாகவே எழுதியிருந்தார்.

வெளியூர்ச் சொந்தங்களுக்காக எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் கடல் ஆழமில்லாதது. வெகுதூரம் போனாலும் கோல் ஊன்றினால் தரை தட்டும். ஐப்பசி, கார்த்திகையில் நெல்வயல்களின் வடிகால் தண்ணீர் எல்லாம் வந்து கலந்து கடல் சேறாகக் கிடக்கும். மார்கழி பாதியில் வாடைக்காற்று தணிந்து தண்ணீர் தெளியும். அப்போது நண்டு கரையை ஒட்டி வரும். மேலே துண்டு போட்டால் போதும், அந்த அளவு குளிர்தான். மார்கழியும் தையும்தான் எங்கள் வீட்டில் வருடம் முழுவதற்குமான சோறு. சாயங்காலம் வலையை விட்டுவிட்டு வந்து, மறுநாள் விடியும்போது போய் எடுப்பார்கள். கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவது பெண்களின் வேலை. என் விரல்களில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது.

அப்பா வலை எடுக்கும்போது பேச மாட்டார். பக்கத்தில் யார் பேசினாலும் பிடிக்காது. சினை நண்டு சிக்கினால் திரும்பக் கடலில் விட்டுவிடுவார். கேலி செய்தவர்களை லட்சியம் செய்ததில்லை. சீட்டாட்டத்தில் மட்டும் கூசாமல் ஏமாற்றுவார். என் கடைக்கு வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாங்க வருகிறவர்களிடம், “அது நேத்து மீனுங்க, அத எடுக்காதீங்க, இத எடுங்க” என்பார். “அப்பா, நீங்க ஊருக்குக் கெளம்புங்க” என்று எத்தனையோ முறை பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு மீனைப் பற்றிக்கூடப் பொய் சொல்ல வராத மனிதர் அவர். அவரைத்தான் ஊர் பொய்க்காரர் என்றது.

எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொடி உண்டு. வலை கிடக்கும் இடம் தெரிய, மிதவையில் குச்சி நட்டு அதில் துணி கட்டுவார்கள். எங்கள் வீட்டுக்கு அம்மாவின் பச்சைப் புடவைத் துணி. அண்ணன் தம்பி பிரிந்தால் தம்பி வேறு நிறம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். அம்மா அப்போதே சொன்னார்.

“தம்பிக்கு வேற கலர் குடுங்க. நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“ரெண்டு வீடாயிட்டோம்னு கடலுக்கு எதுக்குடி தெரியணும்?” என்று அப்பா அதே புடவையைக் கிழித்துப் பாதியைத் தம்பியிடம் கொடுத்தார். இது அப்பா செய்த முதல் தப்பு.

விசைப்படகுகளுக்கும் எங்கள் நாட்டுப்படகுகளுக்கும் சண்டை வராமல் இருக்க ஊர்கள் கூடிப் போட்ட ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் விசைப்படகு போகும் நாட்களில் நாங்கள் மூன்று பாகம் ஆழத்துக்கு உள்ளேதான் வலை விட வேண்டும். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். அதுதான் எல்லை. பதினொரு வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழியில், விசைப்படகு நாளில், அந்த எல்லைக்கு வெளியே கிடந்த நண்டு வலை ஒரு விசைப்படகின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. அதை அறுக்கத் தண்ணீரில் இறங்கியவருக்கு இரண்டு விரல் போயிற்று. வலையோடு வந்தது பச்சைக் கொடி.

முந்திய நாள் அப்பா வலை விடவே இல்லை. எங்கள் வலை முழுக்கக் கடல்புல் அடைத்துக்கொண்டு வந்திருந்தது. அம்மாவும் நானும் பொழுது சாயும்வரை கொல்லையில் உட்கார்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். சித்தி கொத்தமல்லி கேட்டு வந்தவர், தானும் உட்கார்ந்து ஒரு பக்கம் பிடுங்கினார். வலை கொல்லையிலேயே காய்ந்தது. பார்த்தது நாங்கள் மூன்று பெண்கள்.

வலை சிக்கியதற்கு மறுநாள் காலை கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. அம்மாவும் நானும் வலைக் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

“இது யார் கொடிப்பா?” என்று தலைவர் கேட்டார்.

அப்பா தம்பியைப் பார்த்து, “சொல்லுடா” என்றார்.

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. “அண்ணன் கொடிதான்” என்றார்.

நான் சுவரைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா மெதுவாக, “என் வலை வீட்ல கெடக்குதுங்க. வேணும்னா வந்து பாருங்க” என்றார்.

“வலை எல்லார்ட்டயும்தான் ரெண்டு மூணு செட்டு கெடக்கு. கொடிக்கி என்ன சொல்ற?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். “அண்ணன் இல்லங்குறாரு, தம்பி ஆமாங்குறாரு. ரெண்டு பேரும் அம்மன் முன்னாடி கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போங்க. முடிஞ்சுது.”

எங்கள் ஊரில் இதுதான் கடைசித் தீர்ப்பு. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று எல்லோரும் நம்புகிறோம். அன்றைக்குச் சித்தப்பாவின் மகனுக்கு மூன்று வயது. மகள் கைக்குழந்தை. தலைவர் கற்பூரம் எடுத்துவரச் சொன்னார். சித்தப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். கோயிலுக்குள் போகத் தயாராகத்தான் நின்றார். அதை நான் சுவர் இடுக்கு வழியாக என் கண்ணால் பார்த்தேன்.

அப்பா குறுக்கே போய் நின்றார். “வேணாங்க. அவன சத்தியம் பண்ணவைக்காதீங்க. என் வலைன்னே வச்சுக்குங்க.”

இது இரண்டாவது தப்பு. தம்பி பொய்ச் சத்தியம் செய்துவிடுவான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்காகப் பயந்தார். சபைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அந்த மார்கழியும் தையும் கடலில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தடை இருந்த அந்த நாட்களில் அப்பா கரையில் உட்கார்ந்து என்ன செய்தார் தெரியுமா? சித்தப்பாவின் வலைக்குக் கிழிசல் தைத்தார். நான் கத்தினேன். “அவனே ஊர்ல சொல்லிருவான் பாப்பா. கொஞ்ச நாள் போகட்டும். கூச்சமா இருக்கும்ல” என்றார். இதுதான் மூன்றாவது தப்பு, பெரிய தப்பு. கொஞ்ச நாள் பதினொரு வருடம் ஆயிற்று.

அதற்கு முன்பெல்லாம் தண்ணீர் தெளிந்ததா, எந்தப் பக்கம் வலை விடலாம் என்று விடிந்ததும் அப்பாவிடம்தான் நாலு பேர் வந்து கேட்பார்கள். பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ‘எல்லைக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில், “எல்லைக்காரர் மக கல்யாணமா? பந்தல எல்லைக்குள்ளதான போட்டிருக்கீங்க?” என்று ஒருவர் சிரித்தார். அவர் இந்த மலரையும் வாங்குவார். ஐயா, நீங்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா இறந்த அன்று பட்டுக்கோட்டையிலிருந்து மாலையோடு வந்தவர்கள் வழி கேட்டதற்கும், “எல்லைக்காரர் வீடா? நேராப் போங்க” என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பிணமாகக் கிடந்தபோதும் அந்தப் பெயர் போகவில்லை.

போன மார்கழியில் அப்பாவைத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். மூச்சு வாங்கும், ஆனால் நினைவு நன்றாக இருந்தது. “தண்ணி தெளிஞ்சிருச்சாம்மா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். ஒரு நாள் மத்தியானம் சித்தப்பா ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “ஊர்ல சொல்லிட்டியாடா?”

“அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே? ஒடம்பப் பாருங்க.”

“நான் இருக்கையிலயே சொல்லிருடா. எம்மவளுக்குத்தான் ஆத்திரம்.”

“சரிண்ணே, சரிண்ணே” என்று சொல்லிவிட்டு ஒரு ஆப்பிளை நறுக்கித் தானே இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார். எழவு வீட்டில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதவர் சித்தப்பாதான். பார்த்தவர்கள் எல்லாம், “தம்பின்னா இப்படி இருக்கணும்” என்றீர்கள்.

இந்த மலருக்காகச் சித்தப்பா எழுதிக் கொடுத்ததில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘அண்ணன் ஒருமுறை ஊர்க் கட்டுப்பாட்டை மீறினாலும் ஊர் பெருந்தன்மையோடு மன்னித்தது, நானும் அவருக்குத் துணை நின்றேன்.’ வாயால் சொன்ன பொய் போதாமல் அச்சிலும் ஏற்றப் பார்த்தார். என் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் நாளைக்கு எடுத்துப் படிக்கிற புத்தகத்தில், அப்பா எல்லை தாண்டியவர் என்றே நிற்கும். கும்பகோணத்து அச்சகத்தில் நின்றுகொண்டுதான் அதைப் படித்தேன். அங்கேயே கிழித்தேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் போனில், “வேணாம் பாப்பா. நாளைக்கி ஊர்ல நம்ம போயி வரணும்” என்றார். “நீ போயி வர வேணாம். அங்கயே இரு” என்றேன். அண்ணன், “சரி, அவர்ட்ட காட்டிட்டுப் போடு” என்றார். அது நியாயம் என்று பட்டது. முதுகுக்குப் பின்னால் பேசுவது அவர் பழக்கம், என் பழக்கம் அல்ல.

போன வாரம் இதை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். ஆப்பிள் வரும் இடத்தில் எழுந்துவிட்டார்.

“ஏம்மா, செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுறத விட்டுட்டு, இது என்னாது இது?”

“நல்லதா நாலு வார்த்த எழுதத்தான் ஒங்கள எழுதச் சொன்னோம்.”

“எனக்கு வளந்த புள்ளைங்க இருக்குதும்மா. ஊர்ல தல காட்ட முடியுமா?”

“எங்கப்பா காட்டுனாரே, சாகுற வரைக்கும் பத்து வருசம்.”

“அந்தப் பக்கத்த எடுத்துரு. ஒங்கப்பா இருந்தா இத விடுவாரா?” என்றார்.

அப்போதுதான் சித்தி அடுப்படியிலிருந்து வந்தார். முந்தானையில் கை துடைத்துக்கொண்டே சித்தப்பாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். “எடுக்காத. அப்படியே போடு. ஒங்க கொல்லையில வல கெடந்தத நானும் பாத்தேன், அதையும் எழுதியிருக்கீல்ல? இவரு அன்னைக்கி எல்ல தாண்டி வல விட்டுட்டு வந்து எங்கிட்டதான் பெருமையா சொன்னாரு. அதையும் சேத்துக்க.”

“உள்ள போடி” என்றார் சித்தப்பா.

“உள்ளதான் இருந்தேன் இவ்வளவு நாளும்” என்றார் சித்தி.

சேர்த்துவிட்டேன். சித்தி, நீங்கள் பதினொரு வருடம் தாமதம். அந்தக் கோபம் எனக்கு முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த ஊரில் அப்பாவுக்காக முதலில் வாய் திறந்தவர் நீங்கள்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை இரவு பகல் பார்க்காமல் கவனித்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு நன்றி. தஞ்சாவூரிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்த வண்டி ஓட்டுநருக்கு நன்றி. அப்பா இறந்த நாளில் கடலுக்குப் போகாமல் படகுகளைக் கரையில் நிறுத்திய ஊர்க்காரர்கள் அனைவருக்கும் நன்றி. சபையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு, ஆனாலும் சொல்கிறேன். செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் என் பக்கம் நின்ற அண்ணனுக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். சித்திக்கு நன்றி. சித்தப்பாவின் பெயர் இந்தப் பட்டியலில் விட்டுப்போகவில்லை, விடப்பட்டிருக்கிறது.

சித்தப்பா, திதிக்கு எல்லோரையும் அழைத்தது போல உங்களையும் அழைக்கிறேன். தலைவரும் பஞ்சாயத்தாரும் வருகிறார்கள். இந்தத் தடவை பெண்களும் கூடவே உட்காருவோம். படையல் முடிந்ததும் எழுந்து நின்று, அது என் வலை என்று சொல்லுங்கள். மூன்றே வார்த்தை. சொல்லிவிட்டால் என் கையாலேயே உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறேன். சொல்ல முடியாது என்றால் வராதீர்கள். வந்து சும்மா உட்கார்ந்திருந்தால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் உங்கள் முன்னால் கிடக்கும் இலையை நானே எடுப்பேன்.