தலைக்கு மேலே போகும் காற்று

பீரங்கிக்கு வானிலை சொல்வதென்றால் மழை வருமா என்று சொல்வதில்லை. குண்டு போகிற உயரத்தில் காற்று அதை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்வது. கணினி கொடுத்த தாளை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கிழிந்த பலூன்

எழுபதுகளில் ஈப்போவுக்கு வெளியே ஒரு பீரங்கிப் படை முகாமில் இருந்தேன். பலூனை மேலே விட்டு, அது போகும் போக்கைத் தொலைநோக்கியில் பார்த்துக் காற்றைக் கணக்கிடுவோம். காட்டுக்குள் ஆயுதத்தோடு ஒளிந்திருந்தவர்கள்மேல் சுடுவதற்குத்தான் அந்தக் கணக்கு. வெடித்த பலூன்கள் மலையடி ரப்பர் எஸ்டேட்டில் விழும். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த என் தங்கை புருஷன் முனியாண்டி, ஒருநாள் அந்தக் கிழிசலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், நான் வெட்டுன பாலுதான்லா உங்க பலூனு. என் தலைமேலயே போட்டுடாதீங்க."

நனையாத தாள்

எண்பதுகளில் தலைநகரத்துக்குக் கணினி வந்து சேர்ந்தது. மறுநாள் காற்றை முன்கூட்டியே கணித்து, தந்தி எந்திரம் வழியாக எங்களுக்கு அனுப்பும். எங்கள் மலைகள் அதற்குத் தெரியாது. எல்லாம் அதற்குச் சமதரை. பலூனையும் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேப்டனிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் தாளைத் தட்டிக் காட்டினார்.

"மழை வந்தால் உன் பலூன் நனையும். இது நனையுமா?"

முந்நூற்று இருபது

ஒருநாள் விடியற்காலை மழை. மேகம் தாழ்ந்து கிடந்ததால் பலூன் விட முடியவில்லை. தாளில் காற்றின் திசை 320 என்று இருந்தது. அது டிகிரிக் கணக்கு, அதாவது வடமேற்கு. பீரங்கிக்காரர்கள் கணக்கு வேறு; அவர்களுக்கு முழு வட்டம் 640. அட்டவணையைப் பார்த்து 569 என்று மாற்றி எழுதியிருக்க வேண்டும். நான் 320ஐ அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கணக்கில் அது நேர் தெற்கு. அன்று மத்தியானம் மலைக்குப் போக வேண்டிய குண்டு எஸ்டேட்டில் விழுந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு ரப்பர் காட்டில் ஆள் இருக்காது. மழையால் அன்று மரம் காயத் தாமதமாகி, பால்வெட்டும் தாமதமாகியிருந்தது.

கணினியைத் திட்ட எனக்கு வாய் இல்லை. தப்பு என் கையெழுத்தில் இருந்தது. கேப்டனிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கதவைச் சாத்தினார்.

"காற்று மாறிவிட்டது என்று எழுது. காற்றை யார் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள்?"

எழுதினேன்.

ஆஸ்பத்திரியில்

மாப்பிள்ளைக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பால் வெட்டுகிற கை. தங்கை கட்டில் ஓரத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க அங்க இருக்கப்போயிதான் மச்சான், கையோட போச்சு. வேற ஆளு காத்து பாத்திருந்தா உசுரே போயிருக்கும்லா."

காற்று எங்கிருந்து வருகிறது என்று அத்தனை வருஷம் சொல்லிப் பிழைத்தவன், அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.