ஆளில்லாத மரம்

கையை வரைய எனக்குக் கை வராது. அந்த லட்சணத்தில்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுக்கடைச் சந்தையில் ஓவியன் என்று சொல்லித் திரிந்தேன். கிளி ஜோசியர் ஒருவர் என்னை நம்பிச் சீட்டுகள் வரையச் சொன்னார். மடத்தனத்தில் அவரும் எனக்கு இளைத்தவரல்ல.

லட்சுமியின் கைகளைத் தாமரைக்குள் முழுக வைத்தேன். முருகன் கைகளை மயில்தோகை மூடிக்கொண்டது. மாதாவுக்கு நீல முக்காட்டை இடுப்புவரை இழுத்துவிட்டேன். ஜோசியர் இதையெல்லாம் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

கடற்கரை ஆட்களுக்கென்று ஒரு மரம் வேண்டும், கிளி அதை எடுத்தால் யோகம் என்றார். நான் வயல்காட்டுக்காரன். காய்த்துத் தொங்கும் பலாமரம் ஒன்றை வரைந்து நீட்டினேன்.

"ஓய், மீன் பிடிக்கப் போறவன் பலாவுல ஏறியா போவான்? கட்டுமரம்வே."

கடற்கரையில் மரம் என்றால் அதுதானாம். மறுபடியும் வரைந்தேன். பொங்கும் அலை, விடைத்த பாய், அடியில் மூன்று மீன். ஆளை வரைந்தால் துடுப்புப் பிடிக்கக் கை வேண்டுமே, ஆளையே விட்டுவிட்டேன். கடல் பெரிது, மனிதன் சிறிது என்று அதற்கொரு தத்துவமும் சொன்னேன். ஜோசியர் தலையாட்டினார்.

ஒரு சந்தை நாளில், என் சீட்டுகளின் பெருமையைக் கேட்க ஜோசியர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். மீன் விற்கும் பெண் ஒருத்தி வந்தாள். அன்று அவள் தலையில் மீன் சுமக்கும் கடவப்பெட்டி இல்லை. புருஷன் கடலுக்குப் போய் மூன்று நாளாயிற்று, கூடப்போன மரங்களெல்லாம் கரையேறிவிட்டன, அவனுடையது மட்டும் வரவில்லை என்றாள். கிளி வெளியே வந்து, சீட்டுகளைத் தள்ளித் தள்ளி ஒன்றை உருவிப் போட்டது. கட்டுமரம்.

ஜோசியர் யோகம் என்று ராகம் போட ஆரம்பித்தார். அவள் காதில் அது விழவில்லை. சீட்டை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள்.

"இதுல ஆளெங்க?"

ஜோசியர் என்னைப் பார்த்தார். தத்துவம் தொண்டைவரை வந்தது. அவள் முகத்தைக் கண்டதும் இறங்கிப் போய்விட்டது. எனக்குக் கை வரையத் தெரியாது, அதனால்தான் ஆள் இல்லை, வேறு அர்த்தம் எதுவும் இல்லை என்றேன். அந்தத் தொழிலைப் பற்றி நான் வாய்திறந்து சொன்ன முதல் உண்மை அது.

அவள் சீட்டை என் மடியில் வைத்தாள்.

"அப்பொ இப்பமே ஒரு ஆள வரையும்."