எறும்பு சாரின் மூன்று கோப்பைகள்

ஜாடியை மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டுகிறார். நுரையில் நின்ற பெரிய குமிழிகள் உடைந்து அடங்குகின்றன. பிறகு மணிக்கட்டைச் சுழற்றி, பாலை ஜாடிக்குள்ளேயே சுற்றவிடுகிறார். உதடு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது. எட்டு வந்ததும் நிறுத்துகிறார். ஏழில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"ரத்தம் எடுத்த குழாயை எட்டுத் தடவை கவுத்து நிமித்தணும் மாமா. இல்லன்னா உறைஞ்சு போயிடும்."

"இது பால்டா மாப்ளே."

"இருக்கட்டும். எட்டுன்னா எட்டுதான்."

இவர் என் மனைவியின் தம்பி. ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. கையை நீட்டுகிறவருக்கு ஆறு வயதோ அறுபது வயதோ, "ஒரு சின்ன எறும்பு. கடிச்சுட்டுப் போயிடும்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவர் எறும்பு சார்தான். சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பி வேறு ஆளைத் தேடுவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவன். வெல்டிங் கற்று, சொந்தப் பட்டறை வைத்து, மூன்று மாடி வீடும் கட்டினேன். அதில் கீழ்த்தளத்தில்தான் எறும்பு சார் இருக்கிறார். இந்தத் தெருவில் பதினொரு கேட்டுகள் என் கை பற்றவைத்தவை. ஒன்றுகூட இன்றுவரை தொங்கவில்லை. பற்றவைத்த வரியைப் பார்த்தே அது எந்த ஆளின் கை, அன்றைக்கு அந்த ஆள் சாப்பிட்டானா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடுவேன். கையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட நான் பக்கத்திலேயே இருந்த கையைக் கவனிக்காமல் விட்டதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு லாரி டிரைவர் ரத்தம் கொடுக்க வந்தார். கயிறு மாதிரி நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தட்டுப்படும். மூன்று முறை குத்தியும் ரத்தம் வரவில்லை. "என்ன சார், எறும்பு இன்னிக்கு வழி மறந்துடுச்சா?" என்று டிரைவர் சிரித்தார். பின்னால் நின்ற டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூன்று வாரம் விடுப்பு எடுக்கச் சொன்னார். விடுப்பு முடிகிற வியாழக்கிழமை காலையில் வந்து, அவர் கண் முன்னால் மூன்று பேருக்கு ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும். சரியாக எடுத்தால் பழைய நாற்காலி. இல்லையென்றால் பதிவு மேசை.

என்னை மாடிப்படியில் நிறுத்திவைத்து எறும்பு சார் இதைச் சொன்னார். "கை கொஞ்சம் உதறுது மாமா. எப்பவும் இல்ல. எப்பன்னுதான் பிடிபடல. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"தூக்கம் பத்தலடா. நான் கொதிக்கிற ஜுரத்தோட போய் ஜன்னல் கம்பி பத்தவெச்சவன். ஒரு வாரம் நல்லா சாப்பிடு, சரியாயிடும்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கீழே புஸ்ஸென்று சத்தம். அவர் மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன காபி மெஷினைத் துடைத்து எடுத்து, பாலுக்கு ஆவி காட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த போனில் யாரோ ஒருவர் லாட்டே காபியின் மேல் பாலாலேயே படம் போடுகிறார்.

"சும்மா கையை நீட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியல மாமா. நாம பாக்குறோம்னா கை ஒழுங்குப் பிள்ளையா இருக்கு. பால் ஊத்தறப்ப கண்ணு காபி மேல போயிடும். அப்ப கை என்ன செய்யுதோ, அதைக் கோப்பை அப்படியே காட்டிக்கொடுத்துடும்."

என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. தம்பி விடுமுறையில் பொழுதுபோகாமல் பாலைப் பாழாக்குகிறான் என்பது அவள் கணக்கு.

முதல் வாரம் ஊற்றிய பாலெல்லாம் காபிக்குள் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் மேலே வரவில்லை. படம் விழ வேண்டுமானால் கோப்பையைச் சாய்த்து, முதலில் உயரத்திலிருந்து மெல்லிசாக ஊற்ற வேண்டும். பாதி நிறைந்ததும் ஜாடியின் மூக்கைக் காபியை முத்தமிடுகிற அளவுக்குத் தாழ்த்த வேண்டும். இவரோ சிரிஞ்சிலிருந்து குழாயின் சுவரோரமாக, ஒரு குமிழிகூட எழும்பாமல் ரத்தத்தை இறக்கிப் பழகியவர். கோப்பையிலும் ஓரமாகவே ஊற்றினார். நுரை இறங்குகிற நேரத்தில் பயந்து ஜாடியைத் தூக்கிவிடுவார். விழுந்ததெல்லாம் வெந்து வெடித்த உருளைக்கிழங்கு. ஒரு நாள் ஒரு காது வந்தது. ஒரு நாள், "மாமா, உங்க மூக்கு" என்று காட்டினார்.

கோப்பை ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டுவார். ஆஸ்பத்திரிக் குழாயில் ஒட்டுகிற அதே சுருள். தேதி, நேரம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நம்பர். "சீட்டு இல்லாத குழாயை நான் கையால தொட மாட்டேன். யாரோடதுன்னே தெரியாம போயிடும்" என்பார். ஒட்டியபின் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வெள்ளையின் ஓரத்தைக் குனிந்து பார்ப்பார். ஓரம் வழவழவென்றிருந்தால் மூச்சு விடுவார். நெளிந்திருந்தால் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பாலெடுப்பார்.

பால் தீர்ந்துபோன நாட்களில், தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு ஆவி காட்டுவார். அச்சாகப் பால்நுரை மாதிரியே எழும். சீட்டைப் படிக்காமல் அதை எடுத்து ஒரு வாய் குடித்தவன் நான்தான். துப்புவது என் வழக்கமில்லை. விழுங்கிவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றேன்.

"விடுங்க, உள்ளயாவது சுத்தமாகட்டும்" என்றாள் மனைவி.

எறும்பு சார் சிரிக்கவில்லை. நான் வாய் வைத்துக் கலைத்துவிட்ட ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் வருகிறவர் இலையும் போடுவார். அதுதான் பெரிய வித்தை. ஊற்றும்போதே மணிக்கட்டைச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போக வேண்டும். நம் ஆள் அந்தப் பக்கமே போகவில்லை. "ஆட்டுற வேலையே நமக்கு வேணாம். அசையாம ஊத்தி, கடைசியில ஒரு இழுப்பு இழுத்தா இதயம். அது போதும் மாமா." மூன்றாவது வாரம் இதயம் வந்தேவிட்டது. ஆனால் இன்றைக்கு வந்தது நாளைக்கு வருவதில்லை. அதனால் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்: புதன்கிழமை காலை, வரிசையாக மூன்று கோப்பை, மூன்றிலும் இதயம். வந்தால் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை எடுப்பார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு நானும் மனைவியும் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று கோப்பையிலும் காபி இறங்கித் தயாராக இருந்தது. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

முதல் கோப்பையில் இதயம். ஓரம் வழவழ. மேசைக்கடியில் என் முழங்காலை நானே தட்டிக்கொண்டேன்.

இரண்டாவது. கோப்பை சாய்ந்தது, ஜாடி தாழ்ந்தது, வெள்ளை மேலே வந்தது. கடைசி இழுப்பு முடிந்ததும் கோப்பையை நிமிர்த்தி வைத்தார். இலை. காம்பு முதல் நுனி வரை, இரண்டு பக்கமும் மயிரிழை மயிரிழையாக வரிகள்.

"டேய் தம்பி! இலைடா!" மனைவி கை தட்டினாள். "போன்ல வர்ற மாதிரியே இருக்கு! இத்தனை நாளா எங்ககிட்ட மறைச்சு வெச்சிருந்தியா?"

"நான் பட்டறையில ரெண்டு வருஷம் அடிபட்டுக் கத்துக்கிட்ட வரியை மூணே வாரத்துல போட்டுட்டியே மாப்ளே!" என்று நானும் மேசையைத் தட்டினேன்.

அவர் ஜாடியைக் கீழே வைக்கவில்லை. "மாமா, நான் கையை ஆட்டினேனா?"

"ஆட்டாம இலை எப்படிடா வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கேட்டது எனக்கு உறைத்தது. குனிந்து அந்த வரிகளைப் பார்த்தேன். வேண்டுமென்று ஆட்டுகிற கை ஓரிடத்தில் விரையும், ஓரிடத்தில் தயங்கும். அதில் தயக்கமே இல்லை. எல்லா வரியும் ஒரே இடைவெளி. நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வரி படிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். நான்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

"என்னடா, இவ்வளவு அழகா வந்ததுக்கு இப்படி முழிக்கிறே?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லக்கா. சின்ன எறும்பு."

மூன்றாவது கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஜாடியை வைத்துவிட்டு, சுருளிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்தார். தேதி எழுதினார், நேரம் எழுதினார். நம்பர் போடுகிற இடத்தில், நோயாளிக்கு எழுதுவதுபோல், தன் சொந்தப் பெயரையும் வயதையும் எழுதினார். கோப்பையைத் தொடவில்லை. புதுச் சட்டையின் கையை மேலே தள்ளி, அந்தச் சீட்டைத் தன் வலது மணிக்கட்டில் வைத்து, ஓரம் எழும்பாதபடி இடது கட்டைவிரலால் அழுத்தித் தடவினார்.