அரைமார்க் நடுவரின் இடது தோள்

வாரத்தில் ஐந்து நாள் அவர் தராசுகளைச் சந்தேகப்பட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்களை. பிழைப்பு, எடை அளவை அலுவலகத்தில் ஆய்வாளர் வேலை. வெல்வெட் விரித்த பெட்டியில் அவர் தூக்கிவரும் பித்தளை எடைக்கற்களைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். பெருமை, நாய்களின் கீழ்ப்படிதல் போட்டிக்கு நடுவராக இருப்பது. நாய் எஜமானின் முழங்காலை ஒட்டி நடக்கிறதா, நேராக உட்காருகிறதா, கூப்பிட்டால் வருகிறதா என்று பார்த்து இருநூறுக்கு மதிப்பெண் போட வேண்டும். உட்கார்ந்த நாயின் பின்பக்கம் இரண்டு விரற்கடை கோணினாலும் அரை மதிப்பெண்ணைப் பிடுங்கிவிடுவார். அதனால் ஊர் அவருக்கு அரைமார்க் என்று பெயர் வைத்தது. முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே ‘சார்’.

அவர் கொடிகட்டிப் பறந்தது அழைப்புப் பயிற்சியில். மைதானத்தின் ஒரு முனையில் நாயை உட்காரவைத்துவிட்டு எஜமான் மறுமுனைக்குப் போய்விடுவார். நடுவர் கையசைத்த பிறகுதான் எஜமான் கூப்பிடலாம். கூப்பிட்ட பிறகுதான் நாய் கிளம்பலாம். முந்திக் கிளம்பினால் பூஜ்யம், ஒரு பயிற்சியில் பூஜ்யம் என்றால் மொத்தமும் தோல்வி. மற்ற நடுவர்களிடம் பத்துக்கு ஒரு நாய் முந்தும். இவரிடம் ஆறு முந்தின. இவர் முன்னிலையில் நாய்கள் தங்கள் குறையைத் தாமாகவே ஒப்புக்கொண்டுவிடுகின்றன என்று சங்கத்தின் ஆண்டு மலர் எழுதியது. அந்தப் பக்கத்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பத்தொன்பது வருடம் இப்படி ஓடியது.

அந்த ஞாயிறு காலை ஷூ நாடாவைக் கட்டி நிமிர்ந்தார். எதிரே மனைவி தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தாள்.

“நான் கேக்கவே இல்லையே.”

“நீங்க கேக்கல. தோள் கேட்டுச்சு.”

“தோளா?”

“உங்களுக்கு எது வேணும்னாலும் மொதல்ல இடது தோள் ஏறும், அப்புறம்தான் வாய் தொறக்கும். கல்யாணமாகி மூணாவது மாசமே கண்டுபிடிச்சிட்டேன். இல்லேன்னா உங்ககூட குப்பை கொட்ட முடியுமா?”

டம்ளரை வாங்கிக் குடித்துக்கொண்டே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, தண்ணீர் புரையேறியது. மனுஷிக்கு மூன்று மாதம் என்றால் நாய்க்கு எவ்வளவு நேரம்? கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். எதிரே மைதானம் இருப்பதாக நினைத்து வலது கையை உயர்த்தினார். கை எழுவதற்கு முன், கொதிக்கும் பானையின் மூடி மாதிரி இடது தோள் எழுந்தது. தோளை இறுக்கிப் பிடித்தார். முகவாய் எழுந்தது. முகவாயையும் அடக்கியபோது புருவம் கிளம்பிற்று. உடம்புக்குள் யாரோ குடியிருந்துகொண்டு இத்தனை வருடம் நாய்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கென்று பார்த்துத் தையல்காரம்மாவின் முறை. பொட்டலம் என்ற அவருடைய பழுப்பு நாய் இவரிடம் மூன்று முறை தேர்வெழுதி, மூன்று முறையும் முந்திக் கிளம்பித் தோற்றிருந்தது. முதல்நாள் போனில் அந்த அம்மா சொன்னார்: “சார், இதுக்கு இதான் கடைசி. பின்னங்கால் வரமாட்டேங்குது. டாக்டர் இனிமே கூட்டிட்டுப் போகாதேன்னுட்டார்.” விதிக்கு இரக்கம் தெரியாதும்மா என்று இவர் கம்பீரமாகப் பதில் சொல்லியிருந்தார்.

மைதானத்தில் நிழலில் கட்டியிருந்த பதினாறு நாய்களில் ஒன்றுகூடத் தன் எஜமானைப் பார்க்கவில்லை. எல்லாம் இவரைத்தான் பார்த்தன. சரியாகச் சொன்னால், சட்டைக் காலருக்கு இடப்புறம்.

பொட்டலத்தின் முறை வந்ததும் அவர் நடுக்கோட்டை விட்டு, நாயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். மைதானப் பொறுப்பாளராக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அருகே வந்தார்.

“எப்பவும் நடுவுலதானே நிப்பீங்க?”

“வெயில் அடிக்குது.”

“இங்கயும் அதே வெயில்தானே சார்.”

அரைமார்க் கையை உயர்த்தினார்.

“பொட்டலம், வா” என்றார் தையல்காரம்மா.

நாய் நகரவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி, கையெழுத்துக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவைப் போல, பின்னால் நின்றவரைப் பார்த்தது. அவருடைய தோள் துள்ளியது. நாய் பாய்ந்தது.

முதல் அழைப்புக்கு வராவிட்டால் பூஜ்யம். விதி தெளிவு. தோள்தான் நாயைக் கிளப்பியது என்று பார்த்த யாருக்கும் புரியவில்லை. அதுதான் பயங்கரம், தாளில் பூஜ்யம் என்று ஒரு வட்டம் போட்டால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

தையல்காரம்மா நாயை அணைத்துக்கொண்டார். “விடுங்க சார். இதுக்கு உங்களைக் கண்டாலே பதட்டம். உங்க தப்பு இல்ல.”

கடையில் கள்ள எடைக்கல் சிக்கினால் இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: எத்தனை வருஷமா இதுல எடை போடறீங்க? அந்தக் கேள்விக்குக் கடைக்காரர்களின் முகம் எப்படிப் போகும் என்பது இவருக்குத் தெரியும். அந்த முகம் இப்போது தன் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். விதிப் புத்தகத்தில் இருபத்தேழாம் பிரிவு இருந்தது: நடுவரின் அசைவு நாயைக் குழப்பியிருந்தால், அதை அவரே எழுதிக் கையெழுத்திட்டு, பொறுப்பாளரின் சைகையோடு பயிற்சியை மறுபடி நடத்தலாம். அந்தப் பக்கம் இதுவரை யாரும் பிரிக்காமல் ஒட்டிக்கிடந்தது. நகத்தால் பிரித்தார். எழுதும்போது பென்சில் இரண்டு முறை முறிந்தது. எழுதியதை மைக்கில் படிக்கவும் வேண்டும் என்று விதி. படித்தார். ‘இடது தோள், பத்தொன்பது வருடமாக’ என்று முடிந்தது அது.

பிறகு கூடாரத்துக்குள் போய், துணியின் கிழிசல் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தபால்காரர் கையசைத்தார். அம்மா கூப்பிட்டார். பொட்டலம் ஒருதரம் தோளைத் தேடியது, கிடைக்கவில்லை. நொண்டிக்கொண்டே நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தது. தயக்கத்துக்கு மூன்று கழித்தார். மொத்தம் நூற்று எழுபத்தொன்றரை. தேர்ச்சிக்கு நூற்றெழுபது.

தாளைப் பார்த்த தபால்காரர், “கோணி உக்காந்ததுக்கு அரை மார்க் கழிச்சிருக்கீங்களா? இப்பவுமா சார்?” என்றார்.

“கோணித்தானே உக்காந்துச்சு.”

தையல்காரம்மா நாயின் காதில் ஏதோ சொல்லி அழுதார்.

இவர் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் கூடார வாசலில் நிழல் விழுந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். மைக் ஊர்வரை கேட்டிருந்தது; வீட்டுக்கு ஓடி எடுத்துவந்த பழைய மதிப்பெண் தாள்களோடு வரிசை, கழிப்பறைவரை நீண்டிருந்தது. முதலில் நின்றவர் பள்ளி வேன் ஓட்டுநர். கையில் நாய்ச் சங்கிலி மட்டும் இருந்தது, நாய் இல்லை.

“அது போய் ஆறு வருஷமாச்சு சார்” என்று மஞ்சளேறிய தாளை நீட்டினார். “முந்திக் கிளம்புச்சுன்னு பூஜ்யம் போட்டீங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய் அதைத் திட்டிட்டேன். தப்பு அதுமேலயா, உங்க தோள்மேலயா, அது மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அரைமார்க் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே பதினாறு நாய்கள் எழுந்து நின்றன.