அம்மை என்று எழுதிய விடுப்புக் கடிதம்

“என் மகளுக்கு அம்மை கண்டிருப்பதால் இந்த வாரம் முழுவதும் பள்ளிக்கு அனுப்ப இயலாது.”

அப்பா என் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தின் கார்பன் நகல் இது. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். எதற்கும் நகல் வைத்துக்கொள்வார். அப்போது எனக்குப் பதினொரு வயது. கடிதத்தில் உள்ள தேதி, நான் நடித்த ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்குக் குரல் பதிவு நடந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை.

ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை ஒன்பது நாடகங்களில் நடித்தேன். கதாநாயகனின் தோளைத் தாண்டி வளர்ந்ததும் அழைப்பது நின்றுவிட்டது. படப்பிடிப்பு நாட்களுக்கெல்லாம் அப்பா விடுப்புக் கடிதம் எழுதினார். ஒன்றிலும் படப்பிடிப்பு என்ற சொல் இல்லை. காய்ச்சல், வயிற்றுவலி, கண்வலி. நகல்களை மட்டும் படிப்பவர்களுக்கு நான் தீராத நோயாளி.

இப்போது பங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. ஒன்பது நாடகங்களில் மக்கள் நினைவில் நிற்பது ஒரே வசனம். கேரி தீவில், செம்பனைத் தோட்டத்து வீட்டின் முன் நின்று அழுதபடி சொல்வேன்: “அப்பா, கதவைத் தொறங்க. சத்தம் போட மாட்டேன்.” கல்யாண வீடுகளில் இன்றும் யாராவது அதைச் சொல்லச் சொல்வார்கள். நானும் சொல்வேன். அன்று லோரிகள் இரைச்சலோடு ஓயாமல் போனதால் அந்தக் காட்சிக்கான குரலைப் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

சென்ற ஆண்டு என் நாடகங்களின் பட்டியலைத் தயாரித்து இணையத்தில் போட்டேன். அந்தக் காட்சிக்கு எதிரே “குரல்: நானே” என்று எழுதியிருந்தேன். அது தன் குரல் என்று கிள்ளானிலிருந்து ஒரு பெண் எழுதினார். ஒரு சனிக்கிழமை அவருடைய தையல் கடைக்குப் போனேன்.

“உக்காருங்க சிஸ்டர். டீவில இன்னும் குண்டா இருந்தீங்க.”

“அது கேமரா.”

“என் கஸ்டமருங்களும் அப்படித்தான், டேப்பு தப்புங்கறாங்க.” ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தார். “உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு மாமா என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அவருதான் அந்த நாடகத்துக்கு சவுண்டு. ஒரு கிளாஸ் மைலோ வாங்கிக் குடுத்து, அழுன்னாரு. அழுதேன்.”

“பேரு போடலியா?”

“போட்டா நீங்க ஊமைன்னு நெனச்சிருவாங்களாம்.”

அந்த மாமா இறந்துவிட்டார். நாடகம் எடுத்த நிறுவனமும் இல்லை.

“என் மக நம்பவே மாட்டேங்குறா. ‘கதை விடாதீங்க லா மா’ங்கறா. லிஸ்ட்ல ஒரு வரி போடுங்க சிஸ்டர், போதும்.”

அந்த ஒரு வரியைக் கொடுத்துவிட்டால் ஒன்பது நாடகங்களில் எனக்கென்று மிஞ்சுவது என்ன என்று கிள்ளானிலிருந்து வரும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். கனமான ஹெட்போன் காதை அழுத்தியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அது வேறொரு நாடகத்துக்காகவும் இருக்கலாம்.

மறுநாள் நகல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். அத்தனை கடிதங்களிலும் அம்மை ஒரே ஒரு முறைதான் வருகிறது, அந்தக் காட்சிக்குக் குரல் சேர்த்த வாரத்தில். அப்பா காய்ச்சலைப் பொய்யாக எழுதுவார். அம்மை அப்படியல்ல. பக்கத்து வீட்டில் யாருக்காவது போட்டிருந்தால்கூட, மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று எங்கள் வீட்டில் கறி சமைக்க விடமாட்டார். ஒரு வாரம் லீவு வாங்குவதற்காக அவள் பெயரை இழுத்திருக்கமாட்டார்.

பட்டியலில் “நானே” என்பதை எடுத்துவிட்டு கிள்ளான் பெண்ணின் பெயரைப் போட்டேன். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் சேர்த்தேன். மாலையில் அவர் அழைத்தார்.

“உறுதியாகலன்னு போட்டிருக்கீங்களே லா.”

“ஆகலியே.”

“சரி விடுங்க. மக பார்த்துட்டா. பேரத்தான் பார்த்தா, பக்கத்துல இருக்கறத எங்க படிச்சா.”

ஒலிக்கூடத்தின் பதிவேட்டை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குரல் அவருடையது என்றே நம்புகிறேன். ஆனால் இதை எழுதும் இன்றுவரை அது சரிபார்க்கப்படவில்லை.